ஒர்னெல்லாவின் வீட்டுப்பாடம்

ஜெயசுந்தரியைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் நல்லதைத்தான் சொல்வேன். சிகந்திராபாத் பக்கம் பேகம்பேட்டில் நாங்கள் வேலை பார்க்கும் மொழிப் பயிற்சி நிலையத்தில் ஜெர்மன் சொல்லித்தர ஆறு பேர் இருக்கிறார்கள், பிரெஞ்சுக்கு நான்கு பேர். இத்தாலியனுக்கு அவள் ஒருத்திதான். பதினாறு வருஷத்தில் ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை, மாணவர் எழுதிக் கொடுத்த ஒரு தாளைத் திருத்தாமல் திருப்பியதில்லை. எங்கள் இரண்டு பேரையும் இன்றுவரை தூங்கவிடாமல் செய்வது அந்தத் திருத்தம்தான். அதற்கு வருகிறேன்.

நான் காஞ்சனா. சேர்க்கை, சான்றிதழ், கூரியர் என்று ஆபீஸ் வேலை முழுவதும் என் தலையில்தான். என் மேசைக்கும் ஜெயாவின் வகுப்புக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் பேசுகிற இத்தாலியன் எல்லாம் இந்தப் பக்கம் என் காதில் விழும். வணக்கம், நன்றி தாண்டி ஒரு வார்த்தை எனக்கு ஏறவில்லை. ஆனால் யார் திணறுகிறார்கள், யார் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவேன்.

ஜெயா லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பத்தொன்பது வயதில் கன்னியாஸ்திரி ஆகிறேன் என்று ஒரு சபையோடு இத்தாலிக்குப் போனாள். அங்கே படுத்த படுக்கையாகக் கிடந்த வயதான சிஸ்டர்களைக் குளிப்பாட்டி, சோறூட்டி, சாயங்காலமானால் அவர்களுக்குக் கதைப்புத்தகம் வாசித்துக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து பழைய படம் பார்க்க வேண்டும். அவளுடைய இத்தாலியன் அப்படி வந்தது. முப்பது வயதில், சாகும்வரை கன்னியாஸ்திரியாகவே இருப்பேன் என்று கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன்னால், ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "உடம்புக்கு ஒத்துக்கல" என்று ஒரே பதில். என்னிடமும் அதேதான் சொன்னாள். நானும் நம்பின மாதிரி இருந்துவிட்டேன்.

அடிப்படை வகுப்பில் சந்தையில் காய் வாங்குவது, ரயிலுக்கு டிக்கெட் கேட்பது என்றெல்லாம் கடனே என்று நடத்துவாள். அவள் உயிர் இருந்தது கடைசிக் கட்ட வகுப்பில்தான். எழுதுவதும் பேசுவதும் மட்டும்தான் அதில் பாடம். ஆறேழு பேருக்கு மேல் சேர மாட்டார்கள். பாடப்புத்தகம் கிடையாது. மாதத்துக்கு ஒரு கதை, இல்லையென்றால் ஒரு படம். படத்தைப் போட்டுவிட்டுச் சத்தத்தை அணைத்துவிடுவாள். திரையில் அசைகிற வாய்க்கு மாணவர்கள் பேச வேண்டும். பிறகு அந்தக் கதாபாத்திரமாகவே கடிதம் எழுதிவர வேண்டும். தாளில்தான் திருத்துவாள், கம்ப்யூட்டரில் தொட மாட்டாள். தூரத்திலிருந்து மெயிலில் வருகிறவற்றை நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். அவள் சிவப்பு மையால் திருத்தித் தருவாள். நான் ஸ்கேன் செய்து திருப்பி அனுப்புவேன்.

அந்த வகுப்புக்குச் சட்டம் ஒன்றே ஒன்றுதான். உள்ளே வந்துவிட்டால் யாரும் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. 'நான்' என்றால் படத்தில் வருகிறவள். மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற ஸ்ரீஜா ஒரு நாள் தன் மேனேஜரைப் பற்றி இத்தாலியனில் புலம்ப ஆரம்பித்தபோது, ஜெயா மேசையை ஓங்கித் தட்டியது என் டீ கிளாஸ் வரைக்கும் அதிர்ந்தது.

"அந்தப் பொண்ணு பாவம், பேசிட்டுப் போகட்டுமேடி," என்றேன் அன்று சாயங்காலம்.

"தன்னைப் பத்தின்னா நாலு வார்த்தைல முடிச்சுடுவாங்க காஞ்சனா. வெக்கம். இன்னொருத்தியா ஆயிட்டா வாய் தானா திறக்கும்," என்றாள்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. தன் கதையை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அவள் அந்தச் சட்டத்தைப் போட்டாளோ என்று எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. சொன்னால் சண்டைக்கு வருவாள். வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வகுப்பின் செல்லப்பிள்ளை ஸ்டெஃபி. அவளும் லாலாகுடாதான். இருபத்தாறு வயது, நர்ஸ். அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோக, அம்மா எலிசபெத்துக்கு ஒர்க்‌ஷாப் ஆபீஸில் கருணை வேலை கிடைத்தது. இத்தாலியில் நர்ஸ் வேலைக்குப் போவது என்று முடிவு கட்டி, இரண்டு வருஷம் டியூட்டி முடித்த கையோடு ஓடி ஓடி வந்து படித்தாள் ஸ்டெஃபி. நாம் தமிழில் கேட்டால் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்வாள். இத்தாலியனில் மட்டும் தண்ணீர் மாதிரி ஓடும். படத்தில் சண்டைக் காட்சி வந்தால் பக்கத்து ஜெர்மன் வகுப்பு வரைக்கும் அவள் குரல் கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்த இத்தாலியனுக்காகவே ஒரு சம்பந்தமும் வந்தது. சிலாஸ் என்று ஒரு பையன். சிகந்திராபாத்தைச் சேர்ந்தவன், இத்தாலியில் ஒரு ஊரில் சரக்குக் கிடங்கில் வேலை. மூன்று வாரம் லீவில் வந்து கல்யாணம் முடித்துவிட்டுப் போனான். விசா வந்ததும் நவம்பரில் ஸ்டெஃபியும் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய வகுப்பு பாதியில் நின்றது. சிலாஸே அங்கிருந்து எனக்குப் போன் போட்டான்.

"மேடம், எங்க வீட்ல கிளாஸை விடக் கூடாது. மெயில்ல ஹோம்வொர்க் அனுப்புங்க. ஜூன்ல எக்ஸாம் பாஸ் பண்ணாத்தான் நர்ஸ் லைசென்ஸ் கிடைக்கும்," என்றான்.

எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்று நான் வகுப்பு முழுவதும் போய் மெச்சினேன். என் வாயைக் கழுவ வேண்டும்.

அப்போது வகுப்பில் ஓடிக்கொண்டிருந்தது ஒரு பழைய படம். அறுபது வருஷத்துக்கு முந்தைய கடற்கரை ஊர் ஒன்றில் நடக்கிற கதை. ஒர்னெல்லா என்கிற மீனவன் மனைவி, நகரத்தில் தையல் கடை வைத்திருக்கும் தன் அக்காவுக்குக் கடிதம் எழுதுவாள். மாணவர்கள் ஒர்னெல்லாவாக மாறி மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும். ஸ்டெஃபிக்கும் அதேதான் வீட்டுப்பாடம்.

டிசம்பரில் முதல் கடிதம் வந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது பின்னால்தான். 'அக்கா, அவர் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியை எடுத்துப் போகிறார். ஜன்னலைத் திறந்தால் லாரிகள் நிற்கிற இடம்தான் தெரிகிறது.' ஓரத்தில் ஜெயா சிவப்பு மையில் எழுதினாள்: 'படத்தில் ஜன்னலுக்கு வெளியே கடல் இருக்கிறது. கவனி. மொழி அருமை. பத்துக்கு எட்டு.'

ஜனவரியில் இரண்டாவது. 'அவர் என் பாஸ்போர்ட்டை எங்கோ வைத்துவிட்டார். கேட்ட அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இல்லை.' ஓரத்தில்: 'அந்தக் காலத்து மீனவன் மனைவியிடம் பாஸ்போர்ட் ஏது? காலப்பிழை. ஏழு.'

பிப்ரவரிக் கடிதம் வரவில்லை. தேதி தாண்டியதும் ஞாபக மெயில் அனுப்புவது என் வேலை, இரண்டு அனுப்பினேன். ஒன்பது நாள் கழித்து அரைப் பக்கம் வந்தது. அதன் கடைசி வரி: 'அக்கா, நீ என் கடிதங்களைப் படிக்கிறாயா, இல்லை திருத்த மட்டும் செய்கிறாயா?' ஜெயா அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டு, 'அபாரம்' என்று எழுதினாள். அதற்கும் கீழே, 'ஆனால் தாமதம். அரைப் பக்கம். சோம்பல் வேண்டாம். ஐந்து' என்று எழுதினாள். நான் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு முதல் கடிதத்திலேயே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. மற்ற ஐந்து பேரும் ஒர்னெல்லாவை விதவிதமாகத்தான் அழவைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் அவளைக் கடலில் தள்ளியே விட்டார். ஸ்டெஃபிக்குக் கற்பனை நன்றாக ஓடுகிறது, படத்தை விட்டு விலகிப் போகிறாளே என்பது மட்டும்தான் ஜெயாவின் குறை.

அந்தச் சனிக்கிழமை டீ குடிக்கும்போது ஜெயா அந்தக் கடைசி வரியை எனக்குத் தமிழில் சொன்னாள். முகமெல்லாம் பூரிப்பு.

"கிளாஸ்ல படிச்சுக் காட்டினேன் காஞ்சனா. எல்லாரும் கைதட்டினாங்க. எப்படி எழுதியிருக்கா பாரு!"

எனக்கு இலக்கியம் தெரியாது. மனதில் பட்டதைக் கேட்டேன். "அது சரி, அந்த அக்காக்காரி எதுக்குடி கடிதத்தைத் திருத்துறா? அவ என்ன டீச்சரா?"

"இல்ல, அவ தையல் கடை..." என்று ஆரம்பித்தவள் நின்றுவிட்டாள். டீ கிளாஸை மேசையில் வைத்தாள். "அந்த மூணு பேப்பரையும் எடு," என்றாள்.

ஃபைலிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே மூன்றையும் படித்தாள். பிறகு அலமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது, தண்ணீர் கொண்டுவந்தேன். குடிக்கவில்லை. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள், ஓரத்தில் தான் எழுதியிருந்ததையும் சேர்த்து.

"பாஸ்போர்ட்டைப் பிடுங்கிட்டான்னு எழுதியிருக்கா. நான் மார்க்கைக் குறைச்சிருக்கேன் காஞ்சனா," என்றாள்.

ஆட்டோ பிடித்து லாலாகுடா போனோம். எலிசபெத் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"கைக்கு? எதுக்கு இப்படிப் பேசறீங்க டீச்சரம்மா? போன சண்டேதானே வீடியோல வந்தா. சிரிச்சா. மாப்ளை பக்கத்துலயே உக்காந்திருந்தாரு."

"எப்பவும் பக்கத்துல உக்காந்திருப்பாரா?" என்று நான் கேட்டேன்.

"ஹவ், ஆமா, எப்பவும்தான். அவ்ளோ பாசம்," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. அடுத்த நிமிஷம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். "எதுக்கு வம்பு, மாப்ளைகிட்டயே கேட்டுடறேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. ஜெயா பாய்ந்து அந்தப் போன் மேல் கையை வைத்தாள். "நக்கோ எலிசபெத். வேணாம். அவன்கிட்ட மட்டும் கேக்காத."

"என் பொண்ணு எனக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுவாளா? ஏதோ கதை எழுதினதை வெச்சுக்கிட்டு வந்து..."

ஜெயா அவள் கையை விடவில்லை. பதினாறு வருஷமாக எனக்குச் சொல்லாததை, அந்தச் சமையலறையில் அரிசிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்.

"நான் மடத்துல இருந்தப்ப வீட்டுக்கு எழுதற கடிதத்தை ஒட்டாம மதர்கிட்ட குடுக்கணும். அவங்க படிச்சுட்டுத்தான் போஸ்ட் பண்ணுவாங்க. தமிழ்ல எழுதக் கூடாது. ராத்திரி பகல்னு இல்லாம வேலை, ஏன்னு கேட்டா சாப்பிடாம முட்டி போட வைப்பாங்க. அதையெல்லாம் எழுத முடியுமா? அழுத மாசமெல்லாம், இங்க பனி ஜாஸ்தின்னு எழுதுவேன். அம்மாவுக்குப் புரியும்னு நெனச்சேன். அம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? ஸ்வெட்டர் பின்னி அனுப்பினாங்க. ஏழு ஸ்வெட்டர், எலிசபெத்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"உன் பொண்ணு மூணு தடவை பனி ஜாஸ்தின்னு எழுதிட்டா. எல்லாம் தெரிஞ்ச நானும் ஸ்வெட்டர்தான் அனுப்பியிருக்கேன்," என்றாள் ஜெயா.

எலிசபெத் போனை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மதியம், என்னிடமிருந்த ஸ்டெஃபியின் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டு ஜெயா வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். புத்தகம் கூரியர் அனுப்புவதற்காக வாங்கி வைத்திருந்த விலாசம் அது. அடிபடுகிற பெண்களுக்கு உதவுகிற இடம் ஒன்று அந்த ஊரில் இருந்தது. அவர்களோடு முக்கால் மணி நேரம் பேசினாள். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் இத்தாலியனில் திணறியதைக் கேட்டேன். ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பாள், பாதியில் விடுவாள், மறுபடி ஆரம்பிப்பாள். பிளைவுட்டில் காதை வைத்துக்கொண்டு நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் நான் திருப்பதிக்கு நேர்ந்துகொள்கிறவள்.

போலீஸோடு போய்க் கதவைத் தட்ட அவர்கள் தயார். ஆனால் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்கிற ஒரு டீச்சர் பேச்சை மட்டும் வைத்து முடியாது. வெளியே வர விருப்பம் என்று அந்தப் பெண் ஏதாவது ஒரு வழியில் சொல்ல வேண்டும். எப்போது அவன் வீட்டில் இல்லை என்றும் தெரிய வேண்டும்.

ஸ்டெஃபியின் போனும் மெயிலும் அவன் கையில்தான் இருந்தன. ஹோம்வொர்க் ஒவ்வொன்றையும் அவன் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டு, மீனவன் பெண்டாட்டி கதையா என்று சிரித்துவிட்டு அனுப்ப விடுவானாம். இதெல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் மதர் படித்த கடிதங்களை எழுதியவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று ராத்திரி முழுவதும் உட்கார்ந்து, அடுத்த வீட்டுப்பாடத்துக்கு 'மாதிரிக் கடிதம்' என்று ஒன்று எழுதிக்கொண்டு வந்தாள். அக்கா ஒர்னெல்லாவுக்கு எழுதுவது.

எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். 'தங்கையே, உன் கடிதங்களை அழகாக இருக்கிறதென்று பார்த்தேனே தவிர இப்போதுதான் படித்தேன். என்னை மன்னித்துவிடு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நம் அத்தைமார் இரண்டு பேர் ரொட்டி கொண்டுவருவார்கள். உன் கணவர் அப்போது படகில் இருப்பாரா? உனக்கு ரொட்டி வேண்டுமா என்று எழுது. வேண்டாம் என்றாலும் கோபிக்க மாட்டேன்.'

அனுப்புகிற பட்டனை அழுத்தியது நான்தான். அவன் சந்தேகப்பட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் கதி என்ன ஆவது? செவ்வாய் போயிற்று. புதன் காலையும் போயிற்று. எலிசபெத் மணிக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்து, ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுவிட்டு வைத்தாள். ஜெயா சாப்பிடவில்லை. நாம எழுதினதை அவன் கண்டுபிடிச்சுட்டான் காஞ்சனா, அவளை என்ன பண்றானோ என்று சொல்லிச் சொல்லி என்னையும் பைத்தியமாக்கினாள்.

புதன் சாயங்காலம் மெயில் வந்தது. ஒரு பக்கம் முழுவதும் கடலைப் பற்றி. அலை, வலை, மீன் வாசம். கடைசியில் இரண்டு வரி: 'படகு விடியலில் போகிறது, மாலையில்தான் திரும்புகிறது. ஒர்னெல்லாவுக்கு மிகவும் பசிக்கிறது.'

ஜெயா அதைத் திருத்தவில்லை. அப்படியே அந்த ஊரில் உதவுகிறவர்களுக்கு அனுப்பினாள்.

அங்கே காலை பத்து என்றால் இங்கே மதியம் இரண்டரை. வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அவளுக்கு அடிப்படை வகுப்பு இருந்தது. ஏதோ ஒரு படத்தைப் போட்டு, பழக்க தோஷத்தில் சத்தத்தை அணைத்துவிட்டு, உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள் ஊமைப் படத்தைப் பார்த்துக்கொண்டு முழித்தார்கள். மூன்று மணிக்கு நானே போய் அவர்களை வீட்டுக்கு அனுப்பினேன். எலிசபெத்தும் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

நாலேகாலுக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர். ஜெயா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், நான் ஸ்டெஃபி," என்றது குரல்.

எலிசபெத் "அம்மாடி" என்று ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் கொஞ்ச நேரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுகைதான். போலீஸ் வந்தது, பூட்டைத் திறந்தது, இப்போது ஆஸ்பத்திரியில் இருப்பது என்று விட்டு விட்டுச் சொன்னாள். எதற்கு ஆஸ்பத்திரி என்று எலிசபெத் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

ஜெயா குனிந்து போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்தாள். "என்னை மன்னிச்சுடும்மா. மூணு மாசம். மூணு மாசம் நான் பாக்கல."

"பர்வாலேது மேடம். நீங்கதானே அனுப்பினீங்க அவங்கள," என்றாள் ஸ்டெஃபி. பிறகு, ஒரு மாணவி டீச்சரிடம் பேசுகிற அதே பணிவான குரலில், "மேடம், அந்த ஃபிப்ரவரி ஹோம்வொர்க் மட்டும்... அது சோம்பல் இல்ல மேடம். ரைட் ஹேண்ட் ஃப்ராக்சர். ஃபோன் குடுக்கற டைம்ல லெஃப்ட்லயே டைப் பண்ணேன். அதனாலதான் ஹாஃப் பேஜ்," என்றாள்.

ஜெயா போனை எலிசபெத்தின் கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. ஸ்டெஃபி அங்கேயே பெண்கள் விடுதி ஒன்றில் இருக்கிறாள். கை சேர்ந்துவிட்டது, இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்கவில்லையாம். பரீட்சை எழுதிவிட்டாள். ஜெயா இப்போதும் சத்தத்தை அணைத்துத்தான் படம் போடுகிறாள். ஆனால் யாராவது தன்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மேசையைத் தட்டுவதில்லை. ஸ்ரீஜா மேனேஜரைப் பற்றி அரை மணி நேரம் புலம்புவது எனக்குக் கேட்கிறது.

'தாமதத்திற்கு விதிப்படி மதிப்பெண் குறைக்கப்படும்.' பிப்ரவரியில் ஸ்டெஃபிக்குப் போன ஞாபக மெயிலில் இருந்த வரி இது. இரண்டு முறை அனுப்பியது நான். முதலாவதைப் பார்த்துத்தான் அவள் ஒற்றைக் கையால் தட்ட ஆரம்பித்தாளா, இரண்டாவதைப் பார்த்தா என்று தெரியவில்லை. அவள் வாரம் ஒரு தடவை எனக்குப் போன் செய்கிறாள். நான் இன்னும் கேட்கவில்லை.